கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஒரு 'அதிகாரமும் தாழ்மையும்' வகுப்பு: போகலாமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: போகலாம். உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றாலோ, வீட்டில் ஒரு பணிப்பெண் இருக்கிறார் என்றாலோ, சபையிலோ சங்கத்திலோ தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஏதோ ஒரு நாற்காலியை வருஷக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலோ, கண்டிப்பாகப் போகலாம். எல்லா வாரமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் படு மோசம். அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அந்த மாடியறையில் நடந்ததுதான் நம் ஊரில் பல மேடைகளில் நடக்கிறது.

என்ன வகுப்பு என்றால், வேதாகமத்தில் பதவி, அதிகாரம், தாழ்மை பற்றி வருகிற பகுதிகளில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றை எடுத்து, அதை ஆபீஸ், வீடு, சங்கம், கல்யாண மண்டபம் என்று நாம் புழங்குகிற இடங்களில் வைத்துப் பேசுகிறார்கள். நடத்துகிறவர் அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. எல்லாரும் அவரை மிஸ்ஸி அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்தச் சபையின் பெயரிலும் நடப்பதில்லை. லுத்தரன், மெதடிஸ்ட், புடு அந்தோணியார் கோவில் கத்தோலிக்கர்கள் என்று கலவையான கூட்டம், கூடவே மனைவி இழுத்து வந்ததால் வந்து உட்கார்ந்த ஓர் இந்து அண்ணன், அவர் ஒரு சங்கத்தின் தலைவர். ஜெபம் ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, இரண்டும் சுருக்கம். மதம் மாற்றுகிற பேச்சு எதுவும் இல்லை, அந்த அண்ணனே அதற்குச் சாட்சி.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் நான் வேலை பார்க்கிற இடத்தில் எங்களை எல்லாம் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் 'சர்வண்ட் லீடர்ஷிப்' என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சேவை செய்கிற தலைவர், பணியாளனாகிய தலைவர், இப்படி. ராபர்ட் கிரீன்லீஃப் என்று ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அமெரிக்கர் 1970-ல் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பேச்சு அது. கட்டுரையில் தப்பில்லை. ஆனால் எங்கள் பயிற்சி எப்படி முடிந்தது தெரியுமா, கடைசி நாள் மதியம் துறைத் தலைவர்கள் எல்லாரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று ஊழியர்களுக்கு மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) பரிமாறினார்கள், போட்டோகிராபர் மூன்று பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தார், எல்லாரும் கைதட்டினோம். திங்கட்கிழமை காலை, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்திருந்த ஒரு பெண்ணிடம் அதே துறைத் தலைவர்களில் ஒருவர், 'உண்மையிலேயே காய்ச்சலா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பார்க்கக் கேட்டார். பரிமாறிய போட்டோ அதே குரூப்பில் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

இந்த வகுப்பின் முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. எடுத்தது மாற்கு 10-ஆம் அதிகாரம், செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும் வந்து, உங்கள் மகிமையில் எங்களில் ஒருவனுக்கு வலப்பக்கம், ஒருவனுக்கு இடப்பக்கம் இடம் வேண்டும் என்று கேட்கிற இடம். மத்தேயுவில் இதே கதையில் அம்மா வந்து கேட்கிறார். (நம் ஊர் அம்மாக்களைப் பற்றி அங்கே ஒரு பத்து நிமிஷம் சிரித்தோம்.) சிரிப்பு அடங்கியதும் மிஸ்ஸி அம்மா ஒரு கேள்வி கேட்டார்: இந்த வசனத்துக்கு முந்தின வசனம் என்ன? புரட்டிப் பார்த்தால், இயேசு மூன்றாவது தடவையாகத் தான் படப்போகிற பாட்டைச் சொல்லி முடித்திருக்கிறார். பரியாசம் பண்ணுவார்கள், துப்புவார்கள், கொலை செய்வார்கள் என்று ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இவர்கள் நாற்காலி கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறதே, அது எதற்கு? தங்களுக்கு முன்னால் இவர்கள் முந்திக்கொண்டார்கள் என்றுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பத்துப் பேரும் சேர்ந்துதான் போன அதிகாரத்தில் வழி நெடுக யார் பெரியவன் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பெரியவனாக இருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்ற பேச்சை இயேசு கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வியாதிக்காரர்களைப் பார்த்துச் சொல்லவில்லை, விதவைகளைப் பார்த்தும் சொல்லவில்லை. மந்திரி பதவிக்கு வரிசையில் நிற்கிற பன்னிரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். யாரிடம் சொன்னார் என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னார் என்பதை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், அந்த வசனம் கை மாறிவிடும், மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை அடிக்கிற பிரம்பாகிவிடும் என்றார். முழு வகுப்புக்கும் இதுதான் அச்சாணி. கடைசியில் யாரோ ஒருவர், சரி, வலப்பக்கமும் இடப்பக்கமும் யாருக்குத்தான் கிடைத்தது என்று கேட்டார். மாற்கு 15-ஐத் திருப்பச் சொன்னார். இரண்டு கள்ளர்களுக்கு. அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பிறகு சைக்கிள் கடைக்காரர் ஒருவர் 'அப்பாடா, நல்ல வேளை அந்தம்மா கேட்டது கிடைக்கல' என்றார்.

அடுத்து லூக்கா 14. பந்தியில் முதலிடத்தைத் தேடி உட்காராதே, உன்னைவிடப் பெரிய ஆள் வந்தால் எழுப்பிவிடுவார்கள், வெட்கப்பட்டுப் பின்னால் போக வேண்டிவரும் என்கிற இடம். கோலாலம்பூர் தமிழனுக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. நம் விருந்து நிகழ்ச்சிகளை யோசித்துப் பாருங்கள். முன்வரிசையில் வட்ட மேசை, அதில் பூ, மற்ற மேசைகளில் பூ இல்லை. வந்திருக்கிற டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான்ஸ்ரீ பட்டக்காரர்களின் பெயர்களை வரிசைக் கிரமம் பிசகாமல் வாசிக்கவே அரை மணி நேரம், ஒருவர் பெயர் விடுபட்டால் அன்றைக்கு நிகழ்ச்சி நெறியாளர் தொலைந்தார். பொன்னாடை போர்த்துகிற படலம் தனி. இதற்குள் பின் மேசைகளில் சோறு ஆறிப்போயிருக்கும். சங்கத் தலைவர் அண்ணன் இதைக் கேட்டு நெளிந்தார், பிறகு அவரே சொன்னார்: 'நான் வேணும்னேதான் பின்னாடி உக்காருவேன். யாராச்சும் வந்து கையைப் பிடிச்சு முன்னாடி கூட்டிட்டுப் போவாங்க. அப்பதான் எல்லாரும் பார்ப்பாங்க.' அறையே அதிர்ந்தது. ஆனால் யோசித்தால், அந்த வசனத்தை அப்படியே ஒரு யுக்தியாகவும் படிக்கலாம் அல்லவா? நீதிமொழிகள் 25-லும் ராஜாவின் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று கிட்டத்தட்ட இதே புத்திமதி இருக்கிறது.

மிஸ்ஸி அம்மா அங்கே நிறுத்தவில்லை. நம் பிரசங்கங்களில் 11-ஆம் வசனத்தோடு, தன்னை உயர்த்துகிறவன் தாழ்த்தப்படுவான் என்று சொல்லி, ஆமென் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர் 12-ஐ வாசிக்கச் சொன்னார். அதில் இயேசு விருந்தாளிகளை விட்டுவிட்டு, விருந்து கொடுத்தவன் பக்கம் திரும்புகிறார். உன் சிநேகிதரை, சொந்தக்காரரை, பணக்கார அயலாரைக் கூப்பிடாதே, அவர்கள் பதிலுக்கு உன்னைக் கூப்பிடுவார்கள், ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு என்கிறார். எங்கே உட்காருவது என்ற கேள்வி, மேசையை யார் போட்டது, பட்டியலை யார் எழுதினார் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. ஒரு பேப்பரைக் கொடுத்து, உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டவர்களில், திருப்பிக் கூப்பிட வசதியில்லாதவர்கள் எத்தனை பேர் என்று எழுதச் சொன்னார். யாருக்கும் காட்ட வேண்டாம், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். என் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடியே வைத்திருந்தார்.

ரெகொபெயாம் வாரத்தை நடுத்தர மேலாளர்கள் யாரும் தவறவிடக்கூடாது. 1 இராஜாக்கள் 12. சாலொமோன் செத்துப்போனார், மகன் பட்டத்துக்கு வர சீகேமுக்குப் போகிறான், ஜனங்கள் வந்து, உங்கள் அப்பா வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள், உங்களுக்கு வேலை செய்கிறோம் என்கிறார்கள். மூன்று நாள் தவணை கேட்கிறான். அப்பாவிடம் இருந்த முதியவர்கள், இன்றைக்கு நீர் இவர்களுக்கு ஊழியம் செய்து நல்ல வார்த்தை சொன்னால் எந்நாளும் உமக்கு ஊழியராக இருப்பார்கள் என்கிறார்கள். கூட வளர்ந்த பையன்கள், என் சுண்டுவிரல் என் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்று சொல்லு என்கிறார்கள். சொல்கிறான். பத்துக் கோத்திரம் கழன்று போகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு 18-ஆம் வசனத்தில் அதோராம் என்று ஒருத்தர் வருகிறார், கட்டாய வேலைக்குப் பொறுப்பானவர். ஜனங்களைச் சமாளிக்க ராஜா இவரை அனுப்புகிறான். கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். ராஜா தேர் ஏறி எருசலேமுக்கு ஓடுகிறான். முடிவு எடுத்தது ஒருவன், கல்லடி பட்டது இன்னொருவன். மேலே எடுக்கிற முடிவை வாரா வாரம் டீமுக்குச் சொல்கிற வேலையில் இருக்கிற எனக்கு அந்த ஒரு வசனம் போதும், கட்டணம் வசூலாகிவிட்டது.

அன்று பாந்திங் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் பேசினார். அவருடைய தாத்தா கங்காணியாம். தோட்ட நிர்வாகியான துரை பேசமாட்டார், கிராணி (எழுத்தர்) எழுதிக்கொள்வார், விடியற்காலை பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கிற இடத்தில்) ஆளை நிறுத்திக் கத்துவதும், வராதவனை லயத்து வீட்டுக்குப் போய் இழுத்து வருவதும் கங்காணியின் வேலை. ஆள் பிடித்து வந்தவரும் கங்காணிதான், தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. இந்திய அரசாங்கம் 1938-ல் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும்வரை அது ஓடியது. 'சாவுக்கு நாலு பேர்தான் வந்தாங்க' என்றார் அந்தப் பெரியவர், தாத்தாவைப் பற்றி. துரையின் பெயர் அவருக்கு ஞாபகமே இல்லை. மிஸ்ஸி அம்மா இதன்மேல் ஒன்றும் சொல்லவில்லை, உபாகமம் 17-க்குப் போனார். ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் பெருக்கக்கூடாது, நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு தினமும் வாசிக்க வேண்டும், தன் சகோதரர்மேல் மனம் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. அரசனுக்கு மேலே ஒரு சட்டப் புத்தகம் இருக்க வேண்டும் என்ற யோசனை அவ்வளவு பழசு.

இனி கால் கழுவுகிற வாரம். யோவான் 13. இதை நான் கொஞ்சம் பயத்தோடுதான் எதிர்பார்த்தேன், பெரிய வியாழன் ஆராதனைகளில் பார்த்திருக்கிறோமே, வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, புது சாக்ஸ் போட்டு வந்த பன்னிரண்டு காலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித் துடைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. மிஸ்ஸி அம்மா இரண்டு பிளாஸ்டிக் பேசின், கெட்டில், பழைய துண்டுகள், வாசனை இல்லாத சோப்பு எடுத்து வந்திருந்தார், வார்டில் எப்படிக் கழுவுவார்களோ அப்படியே செய்து காட்டினார். தண்ணீரைக் கையால் பார்க்காதே, முழங்கையால் பார். கால் மரத்துப்போனவனுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விரல் இடுக்கில் ஒவ்வொன்றாகத் துண்டின் நுனியை விட்டு ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது, ஈரம் நின்றால் புண். கடைசியில் பாதத்தைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கழுவ எல்லாரும் தயார். காலைக் கொடுக்க யாரும் தயாரில்லை. சங்கத் தலைவர் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் எழுந்து இரண்டடி பின்னால் போய்விட்டார். 'அம்மா, வேண்டாம்மா. நீங்க பெரியவங்க. நீங்க என் காலைத் தொட்டா எனக்குப் பாவம்.' அவர் குரலில் விளையாட்டே இல்லை. நாம் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கி வளர்ந்தவர்கள், எந்த மதமாக இருந்தாலும் சரி. சின்னவர் பெரியவர் காலைத் தொடலாம், பெரியவர் சின்னவர் காலைத் தொட்டால் உலகம் தலைகீழ். ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்தில் இந்த அதிகாரத்தைப் படிக்கும்போது பேதுரு ஏன் அவ்வளவு கத்துகிறான் என்று விளக்க வேண்டியிருக்கும், எங்களுக்கு அந்த அண்ணன் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. 'பேதுருவும் இதையேதான் தம்பி சொன்னான், உக்காருங்க' என்றார் மிஸ்ஸி அம்மா. உட்கார்ந்தார். கழுவி முடிக்கும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிகாலில் வெடிப்பு இருக்கிறது, அந்த லெதர் சப்பாத்தைக் கொஞ்ச நாள் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் நடந்த பேச்சு வழக்கமான கால் கழுவும் பிரசங்கத்தைவிட நன்றாக இருந்தது. நீங்கள் என்னைப் போதகர், ஆண்டவர் என்கிறீர்கள், சரிதான் என்று இயேசு கழுவி முடித்த பிறகு சொல்கிறார். எனக்குப் பதவியே இல்லை என்று நடிக்கவில்லை, மேலங்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்துதான் பேசுகிறார். கழுவிய கால்களில் யூதாசின் காலும் உண்டு, அவன் எழுந்து போனது அதற்கு அப்புறம்தான். மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் 2019 ஏப்ரலில் தென்சூடான் தலைவர்கள் வத்திக்கானுக்கு வந்தபோது மண்டியிட்டு அவர்கள் காலை முத்தமிட்டார், அதை ஒரு கத்தோலிக்க அக்கா சொன்னார். உடனே ஒரு தம்பி, அதுவும் கேமரா முன்னால்தானே, அந்த ஹோட்டல் மீ கோரெங்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று மடக்கினான். (என் கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.) நல்ல கேள்வி. அக்கா சொன்ன பதில்: அவர் யாரிடம் மண்டியிட்டார் என்று பார், படை வைத்துக்கொண்டு 2013-லிருந்து உள்நாட்டுச் சண்டை போட்டவர்களிடம், போட்ட சமாதானத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஒன்றைக் கேட்டு மண்டியிட்டார், அந்தத் துறைத் தலைவர்கள் என்ன கேட்டார்கள்? தம்பி சமாதானமாகவில்லை. எனக்கும் முழுதாக ஆகவில்லை, ஆனால் விவாதத்தை முடித்துவைக்க மிஸ்ஸி அம்மா முயலவில்லை என்பது பிடித்தது.

இப்போது அந்த மோசமான வாரம். மிஸ்ஸி அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு விருந்தினரைப் பேச வைத்தார்கள். சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர், நல்ல பேச்சாளர், பளபளவென்று ஸ்லைடு. எடுத்தது எபேசியர் 6, வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதி. ஆபீஸில் நேரத்துக்கு வா, முணுமுணுக்காதே, முதலாளி பார்க்கும்போது மட்டும் வேலை செய்யாதே, கிறிஸ்துவுக்குச் செய்வதாக நினைத்துச் செய், தாழ்மையாக இரு, ஏற்ற காலத்தில் உயர்வு வரும். ஐந்தாம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம்வரை. அங்கே முடித்துவிட்டார். ஒன்பதாம் வசனம் எஜமான்களுக்கு: நீங்களும் அப்படியே செய்யுங்கள், பயமுறுத்துவதை விடுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், அவரிடம் பட்சபாதம் இல்லை. அது ஸ்லைடிலேயே இல்லை. ஊறுகாயை மட்டும் இலையில் வைத்துவிட்டுச் சோறு போடாமல் போன மாதிரி இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு காண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) ஜாகா, அதாவது காவலாளி, வேலை பார்க்கிற அண்ணன் எழுந்தார். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன், ஓட்டி (ஓவர்டைம்) காசு ஒழுங்காக வருவதில்லை, கேட்டால் இஷ்டமிருந்தால் இரு என்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். பேச்சாளர் பொறுமையைப் பற்றிச் சொன்னார். யோசேப்பு சிறையில் காத்திருந்ததைச் சொன்னார். ஜெபிக்கிறோம் என்றார். அந்த அண்ணன் 'சரிங்க ஐயா' என்று உட்கார்ந்துவிட்டார். பேச்சாளருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை, நாற்காலியின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோமோ அந்தப் பக்கத்து வசனம்தான் கண்ணில் படும் போல. இருந்தாலும் முதல் வாரம் சொன்னது அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில் கவிழ்ந்தது. தாழ்மை, அந்த அறையிலேயே குறைவான அதிகாரம் உள்ள ஆளின் தலையில் போய் உட்கார்ந்தது. சட்டப்படிகூட அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது: மாதம் 4,000 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) சம்பளம் வாங்குகிறவருக்குச் சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், வார வேலை நேரமும் 2023 ஜனவரி 1-லிருந்து 45 மணிதான். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. தேநீர் நேரத்தில்தான் ஓர் அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பளச் சீட்டுகளை எடுத்து வையுங்கள், நான் கூட வருகிறேன் என்றார்.

அடுத்த வாரம் மிஸ்ஸி அம்மா திரும்பி வந்து, விஷயம் காதுக்குப் போயிருக்க வேண்டும், திட்டமிட்ட பாடத்தை விட்டுவிட்டுக் கொலோசெயருக்குப் போனார். மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் வேலைக்காரர்களுக்கு நாலு வசனம் வருகிறது, அதோடு அதிகாரம் முடிந்துவிடுகிறது. எஜமான்களே, நீதியும் செவ்வையுமானதைக் கொடுங்கள் என்ற வசனம் நாலாம் அதிகாரத்தின் முதல் வசனமாகப் போய் விழுந்திருக்கிறது. பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை, அது பல நூற்றாண்டு கழித்துப் போட்டது. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று வாசிக்கிறவருக்கு வேலைக்காரன் பங்கு இன்றைக்கு, முதலாளி பங்கு நாளைக்கு, நாளைக்கு மறந்தும் போகும். யாக்கோபு 5-ல் இன்னும் சூடு: வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது. வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவர்கள் அன்று ரொம்ப அமைதியாக இருந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற முதலாளிகளுக்கும் ஆகஸ்டில் மற்றவர்களுக்கும் வந்தது, ஆனால் வீட்டு வேலைக்காரர்களுக்கு அது கிடையாது. சட்டம் கேட்காத இடத்தில்தான் இந்த வசனத்துக்கு வேலை என்றார் மிஸ்ஸி அம்மா. ஜாகா அண்ணன் அன்று வரவில்லை. அதுதான் வருத்தம், பதில் வந்தபோது கேள்வி கேட்டவர் இல்லை.

மற்றபடி சின்னச் சின்னக் குறைகள். நோட்ஸ் ஜெராக்ஸ் மங்கல், எழுத்து பொடி, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. பிலிப்பியர் 2-க்கு ஒரு வாரம் முழுசாகக் கொடுத்திருக்கலாம், தேவனுக்குச் சமமாக இருந்தவர் அடிமையின் ரூபம் எடுத்தார் என்று சிறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எழுதியதை இருபது நிமிஷத்தில் ஓட்டிவிட்டார்கள். பெண்களின் தாழ்மை பற்றி ஒரு வாரம்கூட இல்லை, வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்தும். வீட்டுக்குள் யார் யாருக்குப் பணிவிடை செய்கிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஆண்கள் ஜோக் அடித்து நழுவினார்கள், மிஸ்ஸி அம்மாவும் விட்டுவிட்டார். அங்கே அவருடைய பிடி தளர்ந்தது.

நல்லது ஒன்று: தேநீருக்குப் பிறகு கப் கழுவுவதற்குச் சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது, சபையில் மூப்பர், கமிட்டியில் தலைவர் என்று பதவி உள்ளவர்கள் பெயர்தான் அதில் முதலில். சங்கத் தலைவர் அண்ணன் கப் கழுவுகிற வேகத்தைப் பார்த்தால் வீட்டில் அவருக்கு அனுபவம் போதாது என்று தெரிந்தது, ஆனால் தன் முறையை ஒரு வாரமும் விடவில்லை. கறிபாப் சுமார், தே ஓ (பால் இல்லாத தேநீர்) அருமை.

கட்டணம் மொத்தச் சுற்றுக்கும் 60 வெள்ளி, ஓய்வு பெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசம். இடம் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு கடை வரிசையின் இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை காரில் போய்ப் பார்க்கிங் தேடாதீர்கள், கேஎல் சென்ட்ரல்வரை ரயிலில் வந்து நடப்பதே மேல். ஆபீஸ் ஆட்களை அனுப்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அனுப்ப வேண்டாம், நீங்கள் போங்கள் என்றேன்.

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் அந்த விருந்தினர் பேச்சைப் பற்றி நான் எழுதியதை மிஸ்ஸி அம்மா அவரிடமே காட்டியிருக்கிறார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் அதே வாரத்தை அவரே மறுபடி எடுக்கப்போகிறாராம், எபேசியர் 6:9-லிருந்து ஆரம்பித்து, தன் கடையின் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. அந்த ஒரு சனிக்கிழமைக்கு நான் திரும்பப் போவேன்.